ஏசாத மோட்டார்

பூனாவில் பலகாரக் கடை வைத்திருக்கும் அண்ணன் சுடலைக்குமார் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான் என்ற செய்தி ஐப்பசிக் கடைசியில் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, மூன்று நாலு மாதத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது, அவ்வளவுதான். கற்பகம் அந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டாள். தங்கை வள்ளிமயிலிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது.

வள்ளிமயிலுக்கு இருபத்தெட்டு வயது. பேச்சு குறைவு. நேற்று இருந்தது போலவே இன்றும் எல்லாம் இருக்க வேண்டும் அவளுக்கு. தட்டு மாறினால் சாப்பிட மாட்டாள். சடாரென்று கிளம்புகிற சத்தம் எதுவும் ஆகாது. குக்கர் விசிலடித்தால் கூடக் காதைப் பொத்திக்கொண்டு வீட்டின் கடைசி மூலைக்குப் போய்விடுவாள். அம்மா இறந்த பிறகு, புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளைக் கோவில்பட்டிக்குத் தன் வீட்டுக்கே கூட்டி வந்திருந்தாள் கற்பகம். அது நடந்து ஆறு வருஷம். பொங்கலுக்குப் பத்து நாள் அண்ணன் வருவான், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்பதை வைத்துத்தான் வள்ளிமயில் வருஷத்தையே எண்ணுவாள்.

"இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரமாட்டான்" என்று சொன்னதும் அவள் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாலாம் நாள் காலையில், தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அண்ணன் வராட்டா நாம போவோம்" என்றாள்.

அவளாக வாயைத் திறந்து இத்தனை சொற்களைச் சேர்த்துச் சொல்லி மாசக்கணக்கில் ஆகியிருந்தது. கற்பகம் மிஷினை நிறுத்தினாள். "போவோம்" என்றாள். சொன்ன பிறகுதான் எப்படிப் போவது என்ற யோசனையே வந்தது.

ரயில் ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன் அதையும் பார்த்தாயிற்று. என்ஜின் ஹாரன் அடித்த மாத்திரத்தில் பிளாட்பாரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டவளைத் தூக்கி வெளியே கொண்டுவர நாலு பேர் வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது வீட்டுக்காரர் சோலைராஜின் பழைய வேன்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய வேன். பள்ளிக்கூடம் அதை விற்றபோது அவரே வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, புதியம்புத்தூர் ரெடிமேட் யூனிட்டுகளிலிருந்து துணிமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த யூனிட்டுகளில் ஒன்றில் கற்பகமும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் பைஜாமா தைத்தவள்தான்.

ஒரு மாதத்தில் வேன் சின்ன வீடாக மாறியது. பிளைவுட்டில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, அதன் ஓரத்தில் ஒரு சிங்க், அதற்கு வீட்டில் இருப்பது போலவே ஒரு ஸ்டீல் குழாய். கட்டிலுக்கு அடியில் அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சிங்குக்குக் கீழே அலமாரிக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். குழாயைத் திறந்தால் அதுவாக ஓடும், மூடினால் அதுவாக நிற்கும்.

அந்தக் குழாய் இல்லாமல் இந்தப் பயணமே இல்லை. வள்ளிமயில் சொம்பில் மொண்டு ஊற்றினால் கை கழுவ மாட்டாள். தானே குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் பத்து விரலையும் ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். அதைச் செய்யாமல் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. பூனாவுக்குப் போக நாலு நாள் ஆகும்.

முதலில் பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் வெள்ளோட்டம் பார்த்தார்கள். கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மூவரும் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள். வள்ளிமயில் குழாயைத் திறந்தாள், கழுவினாள், மூடினாள். கற்பகத்துக்கு நெஞ்சு நிறைந்தது. மோட்டார் எங்கிருந்தோ கழற்றி வந்த பழைய மோட்டார். முனகிக்கொண்டு கிடந்ததே தவிர சத்தம் போடவில்லை.

மூன்றாவது வெள்ளோட்டத்தில் அது செத்துப்போனது.

கற்பகமே கழற்றிப் பார்த்தாள். முன்பக்க மூடியைத் திறந்தால், உள்ளே ரப்பர்த் தகடு கிழிந்து, சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர்த்தண்ணீரை ஊற்றி வைத்த பாவம்.

மார்க்கெட் பக்கம் வெயிலுமுத்து அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர்களை விற்று, ரிப்பேரும் பார்க்கிறவர் அவர். பழைய மோட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"மருந்து டப்பாவுல ஓடுறதும் இதே சாதிதான் தங்கச்சி. இதைப் போடுங்க. தொட்டியிலருந்து வார வழியில ஒரு பில்டரும் மாட்டுங்க. உப்புத்தண்ணி ஊத்தாதீங்க."

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பழையதை எடுத்து, புதியதை அதே இடத்தில் நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, குழாய்களைக் கிளாம்ப் வைத்து முறுக்கினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் காலையிலேயே புதூர் ரோட்டில் வெள்ளோட்டம் கிளம்பினார்கள். பாலத்துக்கு அப்பால் வண்டியை ஓரம் கட்டினார் சோலைராஜ். வள்ளிமயில் குழாயைத் திறந்தாள்.

டடடடட, டக். டடடடட, டக்.

சிங்க், மேடை, அலமாரி எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. அவள் கத்தக்கூட இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு கீழே குதித்தாள். வந்துகொண்டிருந்த டிராக்டர்க்காரர் பிரேக்கில் ஏறி நின்றதால் தப்பித்தாள். ரோட்டைத் தாண்டி, ஆளுயரத்துக்கு நின்ற மக்காச்சோளத்துக்குள் போய் மறைந்துவிட்டாள்.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மழை பெய்து ஓய்ந்திருந்த கரிசல். ஒவ்வொரு எட்டுக்கும் காலில் கல்லுக் கட்டினாற்போல மண் அப்பியது. சோளக்காட்டின் நடுவில் காதைப் பொத்திக் குத்தவைத்திருந்தாள் வள்ளிமயில். கற்பகம் தொடவில்லை. தானும் பக்கத்தில் குத்தவைத்தாள். வெகுநேரம் கழித்து, "ஏசுதுக்கா" என்றாள் தங்கை. "மோட்டார் ஏசுது."

வீட்டுக்கு வந்து, சேற்றையெல்லாம் கழுவிவிட்ட பிறகு சோலைராஜ் ஆரம்பித்தார்.

"ஏட்டி, சொல்லுதேன்னு கோவப்படாத. இவள வச்சுக்கிட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போக முடியுமா? அந்த டிராக்டர்க்காரன் தூங்கி வழிஞ்சிருந்தா இன்னைக்கு நம்ம கதி என்ன?"

"ஓடாம இருக்க வழி பண்ணுதேன்."

"என்ன வழி?"

"அந்த மோட்டார் வாயை அடைக்கேன்."

அவர் மோசமான மனுஷர் இல்லை. அன்று சாயந்திரமே ஒரு தண்ணீர்க் கேனை வண்டியின் மேல்தட்டில் கட்டி, அதிலிருந்து ஸ்டீல் குழாய்க்கு ஒரு ஹோஸ் இழுத்துப் பார்த்தார். மோட்டாரே வேண்டாமே என்பது அவர் கணக்கு. தண்ணீர் நூல் மாதிரி இழுத்தது. வண்டிப் படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்த வள்ளிமயில், திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் முதல் கற்பகம் தையலை ஓரம் கட்டினாள். சட்டை கேட்டு வந்தவர்களிடம் அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுகிறதுதான். பழைய மெத்தையைக் கிழித்து, பஞ்சுத் தகட்டை மோட்டாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். சத்தம் கொஞ்சம் அமுங்கியது. சந்தோஷத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் விட்டுப் பார்த்தாள். பாதியில் மோட்டார் தானாக நின்றது. உள்ளே கைவிட்டால் கை சுட்டது. பஞ்சு கருகிய வாடை. "பன்னெண்டு வருஷம் மிஷின்ல உக்காந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மிஷின் மோட்டார் மேல் துணி விழுந்து கிடந்தால் சூப்பர்வைசர் என்ன பாடு படுத்துவார்! காற்றுப் படாத மோட்டார் எரிந்துதான் போகும்.

பஞ்சையெல்லாம் பிய்த்து எறிந்தாள். அப்போது, மிஷின் நினைப்பு வந்ததாலோ என்னவோ, ஒரு சந்தேகம் கிளம்பியது. வீட்டில் நாள் பூராவும் தையல் மிஷின் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே வள்ளிமயில் படுத்துத் தூங்குகிறாள். மிஷின் என்ன சத்தமில்லாமலா ஓடுகிறது? அப்படியானால் அவளுக்குச் சத்தம் எதிரி இல்லை. திடுதிப்பென்று கிளம்பி, திடுதிப்பென்று அறுபடுகிறதே, அதுதான் எதிரி.

இன்னொன்றும் இருந்தது. மிஷின் கால்களுக்கு அடியில் அவள் ரப்பர்க் கட்டை வைத்திருக்கிறாள். வைக்காவிட்டால் தரை முழுக்க அதிரும்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றினாள். குழாய்களைக் கழற்றாமல் மோட்டாரை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, குழாயைத் திறங்க" என்றாள். சோலைராஜ் திறந்தார். கைக்குள் மோட்டார் துடித்தது. ஆனால் சத்தம் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. பிளைவுட்டின் மேல் வைத்தாள், மேளம் கொட்டியது. தூக்கினாள், அடங்கியது.

"மோட்டார் கத்தல, பலகைதான் கத்துது" என்றாள். சோலைராஜ் ஒரு தடவை தானும் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாட்டி!" என்றார். அதன் பிறகு அவர் பூனா போக முடியாது என்று சொல்லவில்லை.

லாரி டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, நாலு அடுக்காக ஒட்டி, மோட்டாரின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு மெத்தை செய்தாள். ஸ்க்ரூவை முறுக்கி இறுக்கினாள். ஓட்டினால் பழைய மேளமே கொட்டியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி குனிந்து பார்த்தபோது புரிந்தது: இறுக்கிய இறுக்கில் ரப்பர் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. நசுங்கிய ரப்பருக்கும் பலகைக்கும் என்ன வித்தியாசம்? ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். மோட்டார் லேசாக ஆடுகிற மாதிரி, ஆனால் கழன்று விழாத மாதிரி. ஓட்டினாள். மேளம் போய்விட்டது.

ஆனால் அந்த "டக்" போகவில்லை. ஓடி, நின்று, ஓடி, நின்று, குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் விக்கல் எடுத்தவன் மாதிரி விட்டுவிட்டு அடித்தது. வெயிலுமுத்து அண்ணாச்சியிடம் மறுபடி போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள், தங்கையைப் பற்றியும் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"பழசு சீக்காளி தங்கச்சி. அது இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. இதுக்கு வலு இருக்கு. நீங்க திறக்குற தண்ணியவிட இது கூட அள்ளிக் குடுக்குது. குழா நெறஞ்சதும் நிக்குது, அழுத்தம் இறங்குனதும் ஓடுது. அதான் அந்த அடி."

"அதுக்கு என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"குழாய்க்குள்ள கொஞ்சம் காத்து அடைபட்டுக் கெடக்கணும். தண்ணி அமுங்காது, காத்து அமுங்கும். மெத்தை மாதிரி வாங்கிக்கிடும்." ஒரு முழ நீளத்துக்குத் தடித்த பி.வி.சி. பைப்பை வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் மூன்று வழி 'டி' இணைப்பு மாட்டிக் கொடுத்தார். "இதை மோட்டாருக்குப் பக்கத்துல நட்டக்குத்தலா நிறுத்துங்க. பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணிய வடிச்சிட்டு மாட்டணும், இல்லன்னா காத்து கரைஞ்சு போயிரும். பொறவு, மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் கெட்டிக் குழாய் வேண்டாம். மெத்துனு இருக்க ஹோஸை ஒரு வளையம் சுத்தி விடுங்க. துடிப்பு அங்கனயே செத்துரும்."

சொன்னபடியே செய்தாள். ஒட்டிய பைப் காய ஒரு நாள். மறுநாள் குழாயைத் திறந்தபோது, மோட்டார் ஒரே மூச்சாக ஓடியது. மூடியபோது மெல்ல அடங்கியது. பக்கத்துத் தெருவில் யாரோ தைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். சோலைராஜ் கைதட்டப் போனவர், வள்ளிமயில் வாசலில் நிற்பதைப் பார்த்துக் கையைக் கீழே போட்டார்.

அவள் வண்டிக்குள் வரவில்லை. வெளியே, வண்டியின் பக்கவாட்டில், இரண்டு உள்ளங்கையையும் தகரத்தில் பதித்துக்கொண்டு நின்றாள்.

"வாறியா வள்ளி? ஏசல, பாரு" என்றாள் கற்பகம்.

"ஏசுது."

கற்பகம் திறந்தாள், மூடினாள். அந்த ரீங்காரத்தைத் தவிர தனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சோலைராஜுக்கும் கேட்கவில்லை. "அவளுக்குப் பயம் போகல, அவ்வளவுதான்" என்றார் அவர். கற்பகத்துக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கை இல்லாத ஒன்றைச் சொல்கிறவள் இல்லை. வெளியே இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கனட்டி ஏசுது? காட்டு."

வள்ளிமயில் கையை ஓர் அடி நகர்த்தினாள். இன்னும் அரை அடி. பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் ஒரு விரலை வைத்தாள். "இங்கன."

உள்ளே வந்து அந்த இடத்துப் பலகையைக் கழற்றினாள் கற்பகம். தொட்டியிலிருந்து வருகிற குழாய், வண்டிச் சட்டத்தின் ஓர் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டு கிடந்தது. மோட்டார் நிற்கிற நேரத்தில் அந்தக் குழாய் ஒரு நூல் துள்ளி இரும்பைத் தட்டியது. காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். கோட்டுத் தைக்க வைத்திருந்த கம்பளித் துணியை வெட்டிக் குழாயில் சுற்றி, அது இரும்பைத் தொடாதபடி கட்டினாள்.

"இப்ப?"

வள்ளிமயில் தகரத்தில் கன்னத்தை வைத்து நின்றாள். உள்ளே சோலைராஜ் திறந்து மூடினார். "இன்னொருக்கா" என்றாள். "இன்னொருக்கா." பதினோரு தடவை திறக்க வைத்தாள்; தொட்டியில் பாதித் தண்ணீர் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு ரெங்கம்மாள், "என்னத்துக்கு இப்படித் தண்ணிய நாசம் பண்ணுதீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வள்ளிமயில் வண்டியில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. கற்பகம் கூப்பிடவும் இல்லை. வண்டிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தன் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாள். குழாயில் கை கழுவினாள். மூன்றாம் நாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே படி அழுந்தியது. வள்ளிமயில் உள்ளே வந்து, ஒரு கையால் காதைப் பாதி மூடிக்கொண்டு, மறு கையால் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது. ரீங்காரம் கேட்டது. காதிலிருந்த கை மெல்ல இறங்கியது. பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். கற்பகம் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் தங்கை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

தை பிறந்து நாலாம் நாள் கிளம்பினார்கள். நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி, பெட்ரோல் பங்குகளில் நல்ல தண்ணீர் பிடித்து, அப்படியே வடக்கே போனார்கள். இரண்டாம் நாள் ஒரு மோசமான ரோட்டில் மோட்டாரின் ஸ்க்ரூ ஒன்று கழன்றுபோனது. "ஏசப் போகுது" என்று முதலில் சொன்னவள் வள்ளிமயில்தான். கற்பகம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஸ்க்ரூவைத் தேடியெடுத்து மாட்டினாள். தங்கை கீழே இறங்கவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்து, வேலை முடிகிற வரைக்கும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் முற்பகலில் பூனாவின் ஓரத்தில் அண்ணன் குடியிருக்கும் தெருமுனைக்கு வண்டி வந்து சேர்ந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுடலைக்குமார் வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வண்டி வருகிறது என்று போனில் சொல்லியிருந்தும், வள்ளிமயில் தன் காலால் இறங்கி வருவாள் என்று அவன் நம்பியிருக்கவில்லை.

அவள் இறங்கினாள். நேராக அவனிடம் போனாள். அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

"உள்ள கம்பியா?"

"ஆமா தாயி. கம்பி வச்சிருக்காவ."

"சத்தம் கேக்குமா?"

சுடலைக்குமார் கற்பகத்தைப் பார்த்தான். வள்ளிமயில் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, கைலிக்கு மேலாக அவன் தொடையில் காதை வைத்தாள். அவன் அசையாமல் நின்றான். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

"ஒண்ணும் கேக்கல" என்று நிமிர்ந்து, அவன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். வாக்கரோடு அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல், கண்ணைத் துடைக்கவும் கை ஒழியாமல், "மெல்லப் போ தாயி, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனான் அண்ணன்.

கற்பகம் அவர்களோடு போகவில்லை. தெரு குறுகல், வண்டியை எங்கே நிறுத்துவது என்று சோலைராஜ் உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "வாரேன், வாரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் இடம் பார்த்துச் சொல்லப் போனாள்.